மேரி பிரின்ஸ் பேசிட்டாங்க, நீங்க கொஞ்சம் நிறுத்துங்க

அடிமைகளின் தன்வரலாறு பற்றிய பின்காலனியக் கட்டுரைகள் நாலைந்து தொடர்ந்து படிச்சா தலை சுத்துது சாமி. எங்க ஆரம்பிச்சாலும் முடிவு ஒண்ணுதான்: 'இது அடிமையின் குரல் அல்ல, வெள்ளையர் வடிகட்டிய பிரதி. விளிம்புநிலையாளர் பேச முடியாது.' ஸ்பிவாக் 1988-ல் எழுதினதை ரப்பர் ஸ்டாம்ப் ஆக்கி எல்லாப் புத்தகத்து மேலயும் குத்தியாச்சு.

மேரி பிரின்ஸை எடுத்துக்குங்க. பெர்முடாவில் அடிமையாப் பிறந்தவர். டர்க்ஸ் தீவு உப்பளத்தில் வருஷக்கணக்கா உப்புத்தண்ணியில நின்னு காலெல்லாம் புண். 1828-ல் எஜமானர் ஜான் வுட் குடும்பத்தோட ஆன்டிகுவாவிலிருந்து லண்டன் வந்து, அந்த வீட்டை விட்டு வெளியேறினார். அவர் சொல்லச் சொல்ல சுசானா ஸ்ட்ரிக்லண்ட் எழுத, அடிமை ஒழிப்புச் சங்கச் செயலாளர் தாமஸ் பிரிங்கிள் திருத்தி, 1831-ல் புத்தகம் வந்தது. எழுதணும்கிற யோசனையே மேரியுடையதுன்னு பிரிங்கிளே முன்னுரையில் சொல்றார்.

வெட்டினாங்களா? வெட்டினாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு கேப்டனோட அவர் ஏழு வருஷம் வாழ்ந்தது புத்தகத்தில் இல்லை. பக்திமான் வாசகர்களுக்கு 'ஒழுக்கமான' அடிமைதான் வேணும். இதுவரைக்கும் விமர்சகர்கள் சொல்றது சரி.

ஆனா வெட்டினது எப்படித் தெரிஞ்சுது? 1833-ல் பிரிங்கிள் மேல வுட் போட்ட அவதூறு வழக்கில் மேரி சாட்சி சொன்னார். அந்த உறவை ஒத்துக்கிட்டு, இதையெல்லாம் ஸ்ட்ரிக்லண்டிடம் ஏற்கனவே சொல்லியிருந்தேன்னும் சொன்னார். 'பேச முடியாதவர்' லண்டன் கோர்ட்டில் தன் புத்தகத்தோட ஓட்டையைத் தானே காட்டியிருக்கார்!

அதுவும் எந்த நிலைமையில? புருஷன் ஆன்டிகுவாவில். அங்கே கால் வெச்சா மறுபடியும் அடிமை. விடுதலையை விலைக்குக் கேட்டும் வுட் தரல.

இன்னொண்ணு. 1831-லேயே ஜேம்ஸ் மெக்வீன்னு ஒருத்தர் பிளாக்வுட்ஸ் பத்திரிகையில் மேரியைத் தாக்கி எழுதினார். சாராம்சம்: அவள் பிரிங்கிளின் கைக்கருவி, நம்பாதீங்க. அடிமை முதலாளிகளுக்கு வக்காலத்து வாங்கின ஆள் அவர். உங்க நோக்கம் வேற, தெரியும். ஆனா முடிவு ரெண்டு பேருக்கும் ஒண்ணாயிருக்கே, உறுத்தலையா?

நான் எழுதின கோடை இன்னொருத்தர் திருத்தினா, திருத்தினது எங்கேன்னு தேடுவோம். எழுதினவனே இல்லைன்னு சொல்ல மாட்டோம். பிரிங்கிளின் கத்தரியைத் தாராளமாத் தேடுங்க. அதுக்காக மேரியோட வாயை மூடாதீங்க.

டிஸ்கி: கட்டுடைப்பு தெரியாத பொறியாளன்னு திட்ட வர்றவங்க, முதல்ல அந்தப் புத்தகத்தைப் படிச்சுட்டு வாங்க. ரொம்பச் சின்னதுதான் :-)