பாதிரியார் சொன்ன பகா எண்

பெரியவர்கள் சொன்னது என்ற ஒரே காரணத்தால் அநேக விஷயங்களை விசாரியாமலே ஒப்புக்கொள்ளுவது உலக வழக்கம். கணித சாஸ்திரத்திலும் இவ்வாறு நெடுங்காலம் நின்ற ஓர் எண் உண்டு. இவ்வாரம் அதன் வரலாற்றைச் சொல்லப் போகிறோம்.

அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்த தொகையில் ஒன்றைக் கழித்தால்,

14,75,73,95,25,89,67,64,12,927

என்ற இருபத்தோரிலக்க எண் கிடைக்கும். ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் இது மீதியின்றி வகுபடாது, அதாவது இது பகா எண் என்று பிரான்ஸ் தேசத்துப் பாதிரியார் மாரின் மெர்ஸென் 1644-இல் எழுதி வைத்தார். நிரூபணம் கொடுக்கவில்லை. ஆயினும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அவ்வாக்கு அசையாமல் நின்றது.

1876-இல் அதே தேசத்தவரான எத்வார் லூக்கா, இது பகா எண் அன்று என்று நிரூபித்தார். ஆனால் விந்தையைப் பாருங்கள்! எந்த எண்களால் வகுபடும் என்பதை அவர் முறை காட்டவில்லை. களவு போனது நிச்சயம், கள்வன்தான் அகப்படவில்லை.

1903 அக்டோபர் மாதம், அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டத்தில், பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல் என்பவர் கள்வர் இருவரையும் பிடித்துக் கொடுத்தார்:

19,37,07,721 × 7,61,83,82,57,287

இதற்கு எத்தனை காலம் பிடித்தது என்று பிற்காலத்தில் ஒருவர் வினவ, மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்று அவர் விடையளித்ததாகச் சொல்லுவார்கள்.

நாம் எழுதுவதையும் வாசகர்கள் அப்படியே நம்ப வேண்டாம். முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டுங்கள்: 37, மறுபடி கூட்ட 10, பின் 1. இரண்டாவதற்கு 64, 10, 1. ஒன்றை ஒன்றால் பெருக்க ஒன்று. பெரிய எண்ணுக்கும் 109, 10, 1 என்றே வருகிறது. ஒன்பதின் சோதனை பொருந்தி விட்டது. இது மட்டும் முடிவான சாட்சியம் ஆகாது. முழுவதும் பெருக்கியே பார்த்துவிடலாம். ஒரு தாளும் பென்சிலும் சிறிது பொறுமையும் போதும்.

பெருக்குவதற்கு ஒரு பிற்பகல். பிரிப்பதற்கு மூன்று வருஷம். இந்த எண்ணை இன்றைய கம்ப்யூட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் பிரித்துவிடும். எனினும் தக்கபடி தேர்ந்த இரண்டு பெரும் பகா எண்களைப் பெருக்கி அறுநூறு இலக்க எண்ணொன்றை அதன் முன் வைத்தால், அதுவும் திகைத்து நிற்கிறது. 1977-இல் ரிவெஸ்ட், ஷாமிர், ஏடில்மன் என்ற மூவர் இந்தத் திகைப்பையே இரகசியச் செய்திகளுக்குப் பூட்டாக்கினார்கள்.

வீட்டுக் குழந்தை ஒரே கணக்குடன் மாலை முழுவதும் போராடினால் மந்தமென்று எண்ணாதீர்கள். "வாத்தியார் சொன்னது சரிதானா?" என்று கேட்டால் அதட்டாதீர்கள். பெருக்கிப் பார்க்கட்டும். சொன்ன வாத்தியார் நாமாகவே இருந்தாலும் நமக்கு அதில் வருத்தமில்லை.