உயிர்பிழைப்பு மட்டுமே அளவுகோலா?

பெருங்குடல் புற்றுநோயாளிகளுள் ஒரு பகுதியினர், குடல் அடைபட்டு வயிறு உப்பி அவசரப் பிரிவுக்கு வந்த பிறகே தமக்கு நோய் இருப்பதை அறிகின்றனர். அடைப்பு இடப்பக்கக் குடலில் இருந்தால் முதன்மையான வழிகள் இரண்டு. ஒன்று, உடனடி அறுவை. வீங்கிய குடலை அந்நிலையில் இணைத்துத் தைப்பது ஆபத்து என்பதால், பெரும்பாலும் வயிற்றில் துளையிட்டு, மலம் பையில் சேருமாறு கொலோஸ்டமி அமைப்பர். மற்றொன்று, எண்டோஸ்கோப்பி வழியே நிட்டினால் கம்பிவலையாலான ஸ்டென்ட்டை அடைப்பினுள் விரித்து, உடல்நிலை சீரானதும், ஏறத்தாழ 2 வாரம் கழித்து அறுவை செய்வது.

இவ்விரண்டாம் வழி குறித்த மருத்துவ உலகின் கருத்து ஒரே நிலையில் நின்றதில்லை. 2011இல் முடிவுகள் வெளியான நெதர்லாந்து ஆய்வு, ஸ்டென்ட் குழுவில் தீங்குகள் மிகுந்ததால் 98 நோயாளிகளோடு நிறுத்தப்பட்டது. குடல் துளைபட்டால் புற்றுச்செல்கள் வயிற்றறைக்குள் சிந்தும் என்ற அச்சமும் இருந்தது. 2014இல் இதை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்க மறுத்த ஐரோப்பிய வழிகாட்டுதல், 2020இல் நோயாளியோடு கலந்து முடிவுசெய்யத்தக்க தெரிவாக ஏற்றது. 245 பேரை உட்படுத்திய பிரிட்டனின் கிரெஸ்ட் ஆய்வு 2022இல் வெளிவந்தது. குணப்படுத்தும் நோக்கில் சிகிச்சை பெற்றோரிடையே 30 நாள் இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் கொலோஸ்டமி போன்ற துளை அமைக்கப்பட்டோர், உடனடி அறுவைக் குழுவில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர். ஸ்டென்ட் குழுவில் பாதிக்கும் குறைவு.

'இறப்பு குறையவில்லை, எனவே பயனில்லை' என்ற வாதம் எனக்கு உடன்பாடன்று. பொதுக் கழிப்பறையை நம்பி வாழ்பவர்க்கு, குடத்தில் நீர் சுமப்பவர்க்கு, நாட்கூலிக்குக் குனிந்து நிமிர்பவர்க்கு, பை என்பது சிறு பக்கவிளைவு அன்று. மாதந்தோறும் செலவு, பலருக்கு வீட்டை விட்டு வெளிவரவே தயக்கம். தற்காலிகம் என்று சொல்லி வைக்கப்படும் துளை பலருக்குக் கடைசிவரை மூடப்படுவதும் இல்லை.

எல்லோருக்கும் ஸ்டென்ட் என்பதும் என் வாதமன்று. குடல் ஏற்கெனவே துளைபட்டிருந்தால் அதற்கு இடமே இல்லை. பழகாத கையில் அதுவே துளையை உண்டாக்கும். நள்ளிரவில் தேர்ந்த எண்டோஸ்கோப்பி மருத்துவர் இல்லாத மருத்துவமனையில் காலந்தாழ்த்தாத அறுவையே உயிர் காக்கும்.

நான் வேண்டுவன இரண்டு. நம் ஆய்வேடுகள் இறப்பு விகிதத்தோடு, எத்தனை பேர் பையோடு வீடு திரும்பினர், எத்தனை பேருக்குத் துளை மூடப்பட்டது என்பதையும் பதிவுசெய்யட்டும். ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் வாங்குமுன், இரு வழிகளும் அவற்றின் ஆபத்துகளும் நோயாளிக்கு அவர் மொழியிலேயே சொல்லப்படட்டும். கலந்து முடிவெடுத்தல் என்பதற்கு அதுவே பொருள்.