முதலில் எஸ்.எம்.பி.எஸ்., பிறகு கிராபிக்ஸ் கார்டு

கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், கையில் 70,000 அல்லது 80,000 ரூபாய் இருக்கிறது என்று சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கும் இளைஞர்கள் முதலில் விசாரிப்பது கிராபிக்ஸ் கார்டைத்தான். அதற்குப் பெரும் பங்கை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் பிராசசர், மதர்போர்டு, ராம், கேபினெட் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போய், கடைசியில் தேறும் ஆயிரத்துச் சொச்சத்தில் எஸ்.எம்.பி.எஸ். வாங்குகிறார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும். பணம் அளவாக இருக்கும்போது, பல வருஷம் உழைக்கும் பாகங்களுக்குத்தான் முதலில் ஒதுக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றிலும் சீக்கிரம் பழசாகிற பாகம். அதற்கு மிச்சப் பணம் போதும்.

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை வாங்கி, கணினிக்கு வேண்டிய அளவில் மாற்றித் தருவது எஸ்.எம்.பி.எஸ். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அதன் 12 வோல்ட் இணைப்பில்தான் ஓடுகின்றன. வாங்கும் முன் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்துப் பாருங்கள். மேலே கொட்டை எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். கீழே உள்ள அட்டவணையில் 12 வோல்ட் கட்டத்தில் 18 ஆம்பியர் என்று இருந்தால், இரண்டையும் பெருக்க வேண்டும்: 216 வாட். பிராசசருக்கும் கார்டுக்கும் உண்மையில் கிடைப்பது அவ்வளவுதான். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 115 வாட், ரைசன் 5 5600 பிராசசருக்கு 65 வாட் என்று தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள். மின்விசிறி, டிஸ்க் எல்லாம் சேர்ந்து, கார்டு நொடிப்பொழுது கூடுதலாக இழுக்கும்போது அந்த 216 வாட் திணறும். மலிவான எஸ்.எம்.பி.எஸ். பழுதானால் தான் மட்டும் போவதில்லை, போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடலாம். 80 பிளஸ் முத்திரை இருக்கிறதே என்பார்கள். அந்த முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே சொல்லும். பாதுகாப்புக்கு அது சான்று அல்ல. வாரண்டியைப் பார்ப்பது நல்லது. நல்ல எஸ்.எம்.பி.எஸ்.-க்கு 5 முதல் 10 வருஷம் தருகிறார்கள், கிராபிக்ஸ் கார்டுக்குப் பெரும்பாலும் 3 வருஷம்தான். எது நீடிக்கும் என்பதைத் தயாரிப்பவர்களே இப்படி ஒப்புக்கொள்கிறார்கள்.

போர்டு விஷயத்தில் 2017-ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கலாம். அந்த வருஷத் தொடக்கத்தில் இன்டெலின் இசட்270 போர்டு வாங்கியவர்களால், அக்டோபரில் வந்த 8-ஆம் தலைமுறை பிராசசரை அதில் பொருத்த முடியவில்லை. பிராசசர் உட்காரும் சாக்கெட் பார்வைக்கு அதேதான். ஆனாலும் போர்டையே மாற்ற வேண்டியிருந்தது. அதே 2017-இல் ஏஎம்டியின் பி350 போர்டு வாங்கியவர்களால், போர்டின் பயாஸ் மென்பொருளை மட்டும் புதுப்பித்துவிட்டு, 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசரை அதே ஏஎம்4 சாக்கெட்டில் பொருத்த முடிந்தது. ஐந்து வருஷ இடைவெளி, போர்டும் ராமும் பழையவையே. இன்று புதிதாக வாங்குகிறவர்களுக்கு 2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட் இருக்கிறது. 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் அதற்கு ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. பிராசசரில் கொஞ்சம் இறங்கினாலும் இத்தகைய போர்டை எடுத்துவிட வேண்டும் என்பேன்.

கேமில் எத்தனை ஃப்ரேம் வரும் என்பதைக் கார்டுதானே தீர்மானிக்கிறது, அதில் குறைத்தால் கேமிங் கணினி என்று எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் வீட்டில் இருக்கும் மானிட்டரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 படங்களுக்கு மேல் காட்டாது. கார்டு 120 கொடுத்தாலும் அதில் பாதி கண்ணுக்கே வராது. கேமின் அமைப்பை ‘அல்ட்ரா’விலிருந்து ‘ஹை’க்குக் குறைத்தால் பல கேம்களில் வித்தியாசத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கார்டைக் கழற்றி விற்றுவிட்டு வேறு ஒன்றைச் செருகச் சில நிமிஷம் போதும். போர்டை மாற்றுவதென்றால் கணினியை முழுக்கப் பிரிக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பழைய கார்டை ஓட்டிப் பார்த்து வாங்குவதில் தவறில்லை, பழைய எஸ்.எம்.பி.எஸ். மட்டும் வேண்டவே வேண்டாம்.

2025 கடைசியிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதே இதற்கு முக்கியக் காரணம். இந்த நேரத்தில் நல்ல எஸ்.எம்.பி.எஸ். வாங்கப் பணத்துக்கு எங்கே போவது என்பதும் உண்மையான கஷ்டம்தான். ஆனால் நெருக்கடியில் வெட்டு விழ வேண்டியது கார்டில். ஒரு படி கீழே உள்ள கார்டை இன்று வாங்கினால், இரண்டு வருஷம் கழித்து அதை மட்டும் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. கடைக்காரர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. கொட்டேஷனில் கிராபிக்ஸ் கார்டின் மாடலைக் கடைசி எழுத்து வரை எழுதுகிறவர்கள், எஸ்.எம்.பி.எஸ். என்ற வரியில் ‘450 வாட்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கம்பெனி, மாடல், 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர், எத்தனை வருஷ வாரண்டி என்ற நான்கையும் அந்த வரியில் எழுதித் தர வேண்டும். எழுதித் தரும் வரை வாங்குகிறவர் முன்பணம் கொடுக்கக் கூடாது.