பல் தேய்த்தால் ரத்தம் வருகிறதா?

சென்ற மாதம் ஒரு கல்யாணப் புடவை விஷயமாகக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்குப் போயிருந்தேன். நெசவாளர் வீடு ஒன்றில் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "பிரஷ் பட்டா ஈறுலே ரத்தம் வருதும்மா. அதனாலே அதை விட்டுட்டேன். விரலாலே பொடியைத் தடவிக்கிறதோட சரி. வலி ஒண்ணும் இல்லே." மாசமாயிருந்த மருமகளும், "எனக்குந்தான் வருது" என்றாள்.

நம்மில் எத்தனை பேர் இதையே செய்கிறோம்! ரத்தத்தைக் கண்டதும் பயந்து அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறோம். செய்யவேண்டியதோ இதற்கு நேர்மாறு. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் தினந்தோறும் கிருமிகள் பாசிபோலப் படிகின்றன. அவற்றைப் பிடித்து விழுங்க, ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் அங்கே விரைகின்றன. கிருமியை விழுங்கும் இந்த அணுக்களின் வேலையை ஆராய்ந்து சொன்ன ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகாபுக்கு 1908-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் காவலர்கள் வருவதற்கு வழிவிட்டு, ஈறின் மெல்லிய ரத்தக் குழாய்கள் விரிந்துகொடுக்கின்றன. ஈறு சிவந்து வீங்குவதும், பிரஷ் பட்டால் கசிவதும் இதனால்தான்.

பாசியை நீக்காமலே விட்டால்? காவலர்கள் மேலும் மேலும் வந்து குவிகிறார்கள். கிருமியைக் கொல்ல அவர்கள் கக்கும் ரசங்கள், பல்லைப் பிடித்திருக்கும் நார்களையும் அரிக்கின்றன. பலருக்கு நாளடைவில் பல்லைத் தாங்கும் எலும்பும் கரைகிறது. திருடனைப் பிடிக்க வந்தவர்கள் வீட்டுத் தூணை இடித்த கதைதான்! பெரும்பாலும் வலி இராது. பல் ஆடும்போதுதான் தெரியும். கரைந்த எலும்பு தானாக வளர்வதில்லை.

ஆனால் ஆரம்பத்திலேயே கவனித்தால் பயமில்லை. டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் வைத்திய நிபுணரும் அவருடைய சகாக்களும் 1965-ல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். நல்ல ஈறுள்ள 12 பேர் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி துலக்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் குணமாயிற்று.

ஆகவே, ரத்தம் வந்தாலும் மிருதுவான பிரஷால் ஈறின் விளிம்பையும் சேர்த்து, காலையும் இரவும் மெதுவாகத் துலக்குங்கள். இரண்டு வாரமாகியும் நிற்காவிட்டால் பல் டாக்டரிடம் போய்க் காரையை எடுத்துவிட வேண்டும். கர்ப்ப காலத்தில் ஈறு சீக்கிரம் வீங்கும். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு ஈறு நோய் கடுமையாகும். இவர்கள் காத்திருக்கவே கூடாது. வெற்றிலை போடுகிறவர்களுக்கு இன்னொரு சங்கடம்: அந்தச் சிவப்பில் ரத்தச் சிவப்பு தெரியாமலே போய்விடும். பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோய்க்கே வழி என்பதையும் மறக்காதீர்கள்.

இதையெல்லாம் கேட்டபிறகுதான் அந்த அம்மாள், "கீழ்வரிசையிலே ஒரு பல்லு ஆடுது" என்று மெல்லச் சொன்னார். "அதைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும். மற்றப் பற்களையாவது காப்பாற்றலாமே!" என்றேன். மருமகள் குறுக்கிட்டாள்: "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பேருமாப் போவோம், அத்தை."

நீங்களும் இன்றிரவு கண்ணாடி முன் நின்று, உதட்டை விலக்கி, ஈறை ஒரு முறை பார்த்துவிடுங்களேன்!