இந்த எண்ணை எழுதினது யாரு?

பி.காம் படிக்கிற பயலுக்கு டேட்டாபேஸ்ல என்ன வேலைன்னு கேக்காதீங்க. மாமாவோட ஹார்டுவேர் கடை பில்லிங் சாப்ட்வேருக்கு நான்தான் சம்பளமில்லாத டாக்டர்! உள்ளே ஓடுறது போஸ்ட்கிரெஸ்.

ஒருநாள் சாயங்காலக் கூட்டத்துல, கனெக்‌ஷன் அளவு தாண்டிடுச்சுன்னு மூணாவது கவுண்டர் நின்னுபோச்சு. செட்டிங் ஃபைலைத் திறந்து அளவை 50 ஆக்கி, ரீஸ்டார்ட் பண்ணேன். ம்ஹூம். ரெண்டு நாள் மாமா கையாலேயே பில் எழுதினார். என்னைப் பாத்த பார்வை இருக்கே...

விஷயம் இதுதான். சாப்ட்வேர் போட்டுக் கொடுத்தவர் என்னிக்கோ 'ஆல்டர் சிஸ்டம்' கமாண்ட் குடுத்து 10ன்னு வெச்சுட்டுப் போயிருக்கார். 2014ல 9.4 பதிப்போட வந்த கமாண்ட் அது. மதிப்பை வேற ஒரு ஃபைல்ல எழுதும். போஸ்ட்கிரெஸ் அந்த ஃபைலைத்தான் கடைசியா படிக்கும். கடைசியா படிச்சதுதான் செல்லும்.

"எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டுத் தொலைங்கப்பா"ன்னுதான் முதல்ல தோணிச்சு. இப்ப அப்படி நினைக்கல. கணக்குப் பதிவியல்ல கொள்முதல் ஏடு, விற்பனை ஏடு, ரொக்க ஏடுன்னு எத்தனையோ இருக்கு. யாரும் குழம்புறதில்ல. ஏன்னா பேரேட்டுல ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்துல கு.ப.எ. இருக்கும். எங்கேர்ந்து வந்த எண்ணுன்னு அது சொல்லிடும்.

போஸ்ட்கிரெஸ்லயும் அந்தப் பேரேடு இருக்கு. பேரு பிஜி_செட்டிங்ஸ். இப்போதைய மதிப்பு என்ன, எந்த ஃபைல், எத்தனாவது வரி, எல்லாம் காட்டும். 2009ல வந்த 8.4லேர்ந்தே! முதல்ல அதைப் பாத்திருந்தா ரெண்டு நிமிஷ வேலை. தப்பு என்னுதுதான்.

ஆனா ஒரு குறை. நான் எழுதின 50ஐ இன்னொரு ஃபைல் அடிச்சுட்டது பத்தி சர்வர் தானா வாயே திறக்கல. 2019ல வந்த 12ஆம் பதிப்பைப் பாருங்க. ரெக்கவரி செட்டிங்குக்குன்னு தனியா இருந்த ஃபைலை எடுத்துட்டு, எல்லாத்தையும் பொது செட்டிங்ல சேத்தாங்க. பழைய ஃபைல் கிடந்தா சர்வர் கிளம்பவே கிளம்பாது. கறார்தான், ஆனா நேர்மை. அந்த அளவுக்கு வேண்டாம், "உன் வரி செல்லாது"ன்னு லாக்ல ஒரு வரி போதும்.

ஃபைல் ஒண்ணா பத்தாங்கறது பெரிய விஷயமில்ல மக்களே. பேரேடு ஒண்ணா இருக்கணும், அடிச்சுத் திருத்தினா சொல்லணும். எங்க அக்கவுண்ட்ஸ் சார் முதல் வருஷமே சொன்னது இது!