கள்ளி எல்லாம் கக்டஸ் அல்ல



பூக்கண்காட்சிக்குக் கள்ளிச்செடி கொண்டுபோவதானால் என்னென்ன செய்யவேண்டும் என்று இரண்டு வாசகியர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அதற்கு முதல் நான் தலைகுனிந்து நின்ற கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2012 இல் மன்னாரில் இருந்த அம்மாவின் வீட்டை விற்றோம். சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, வேலியோரம் நின்ற சதுரக்கள்ளியில் ஒரு சாண் துண்டை வெட்டிப் பேப்பரில் சுற்றி எடுத்துவந்தேன். அந்த வீட்டிலிருந்து உயிரோடு என்னிடம் வந்தது அது ஒன்றுதான். கொழும்பு மழைக்கு அழுகிவிடாமல் மொட்டைமாடியில் ஒளி புகும் தகடு போட்டு, கழுவிய ஆற்றுமணலும் செங்கல் துண்டுகளும் கலந்து, பதினொரு வருடம் வளர்த்தேன்.

2023 இல் எங்கள் பகுதித் தோட்டக் கழகத்தின் போட்டிக்கு அதைக் கொண்டுபோனேன். இரண்டு கிழமை அதே வேலைதான். முள்ளிடுக்கில் பஞ்சுபோல ஒட்டியிருந்த மாவுப்பூச்சியைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். சாடியைத் தேங்காய்த்தும்பால் தேய்த்துக் கழுவினேன். மண்ணின்மேல் ஒரே அளவான சிறுகற்கள் பரப்பினேன். (சிப்பி, பொம்மை ஒன்றும் வைக்காதீர்கள். பளபளப்புக்கு எண்ணெயும் பூசாதீர்கள். நடுவர்கள் செடியைத்தான் பார்ப்பார்கள்.) மூன்று நாளுக்கு முன்னரே தண்ணீரை நிறுத்தினேன். ஓட்டோவில் மடியில் வைத்து, முள்ளுக்குத் துவாய் சுற்றிக் கொண்டுபோய், ‘கக்டஸ்’ என்று எழுதிய மேசையில் வைத்தேன்.

மத்தியானம் போய்ப் பார்த்தால் என் சாடிக்கு முன்னால் ஓர் அட்டை. என்.ஏ.எஸ். என்று மூன்று எழுத்து. போட்டி அட்டவணைக்கு ஏற்றதல்ல என்று அர்த்தமாம். புள்ளி குறைக்கவில்லை, செடியைப் பார்க்கவே இல்லை! எனக்குக் கண் கலங்கிவிட்டது. முள்ளிருக்கிறது, இலையில்லை, பேரே கள்ளி. இன்னும் என்ன வேண்டும்?

நடுவர் ஒரு வயதான சிங்கள அம்மா. கோபத்தோடு போன என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிச்சென்று, பக்கத்திலிருந்த தங்கநிற உருண்டைக் கக்டஸைப் பூதக்கண்ணாடியால் காட்டினார். ஒவ்வொரு முள்கொத்தின் அடியிலும் கம்பளிப் பொட்டுப்போலச் சிறு மெத்தை இருந்தது. கக்டஸில் முள் அதிலிருந்துதான் புறப்படும். அந்த மெத்தை இல்லையென்றால் கக்டஸ் இல்லை. என் செடியில் முட்கள் விளிம்பிலிருந்து நேரே இரண்டிரண்டாக முளைத்திருந்தன. சதுரக்கள்ளி யூபோர்பியா குடும்பம். மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் உறவு.

நாம் தமிழில் எல்லாவற்றையும் கள்ளி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நாகதாளி உண்மையான கக்டஸ், ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்து நம் வரண்ட கரையோரங்களில் பரவியது. சதுரக்கள்ளியோ இந்தப் பக்கத்து மண்ணுக்கே உரியது. இன்னொன்றும் சொன்னார். அமெரிக்காவுக்கு வெளியே இயற்கையாக வளரும் கக்டஸ் ஒரேயொரு இனம்தான், ரிப்சாலிஸ். அது நம் நாட்டு ஈரக் காடுகளில் மரங்களில் தொங்குகிறது. அதில் முள்ளே தெரியாது! கேட்டுச் சிரித்துவிட்டேன், கோபம் மட்டும் முழுக்கப் போகவில்லை.

வீட்டில் இவர், “முள்ளுக்கு ஏனப்பா இவ்வளவு பாடு?” என்றார். சிநேகிதி ஒருத்தி, கடையில் விற்கும் சிவப்புத் தலைக் கக்டஸை வாங்கி வைக்கச் சொன்னாள். வாங்கியும் விட்டேன். அந்தச் சிவப்புத் தலையில் பச்சையம் இல்லை, கீழே ஒட்டுப்போட்ட பச்சைத் தண்டுதான் அதற்குச் சோறு போடுகிறது. ஐந்தாம் மாதம் தண்டு அழுகியது, கதை முடிந்தது. போட்டி விதிப்படி செடி ஆறு மாதமாவது நம்மிடம் வளர்ந்திருக்க வேண்டும். நல்ல விதி.

2024 இல் என் கள்ளியையே, ‘கக்டஸ் அல்லாத சதைப்பற்றுச் செடிகள்’ மேசையில் வைத்தேன். பெயர் அட்டையை நானே எழுதினேன். மூன்றாம் பரிசு. முதலாவது ஒரு சிறிய ஹவோர்தியா, ஒரு இலையில்கூடக் கறை இல்லை. என்னுடையதில் நான் முன்னொருகால் இறுக்கிக் கட்டிய கயிற்றின் தழும்பு இருந்தது. நடுவர் அதைத் தொட்டுக் காட்டினார், சரிதான்.

சாயங்காலம் செடியைத் தூக்கப் போனபோது ஒரு பெண் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். “இது எங்கட ஊர்க் கள்ளியெல்லோ? ஒரு துண்டு தருவீங்களோ அக்கா?” என்றார். பேசாலைப் பக்கமாம். வெட்டினால் வெட்டுவாயைத் தண்ணீரில் பிடித்துப் பாலைக் கழுவி, இரண்டு மூன்று கிழமை நிழலில் காயவிட்டுத்தான் நடவேண்டும், பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து, கையுறை போடவேண்டும் என்றெல்லாம் சொல்லி, நானே வெட்டிக் காயவைத்துத் தருவதாகச் சொன்னேன்.

சரியாக இருபத்தோராம் நாள் தொலைபேசி அடித்தது. “அக்கா, காய்ஞ்சிட்டுதோ?”