ஒரு பாத்திரம், பல பத்தியம்

பாட்டியாருக்குப் பல் இல்லை, தகப்பனாருக்கு நீரிழிவு, பால் பருகினால் பிள்ளைக்கு வயிறு உப்புகிறது. ஒரே வீட்டில் இல்லத்தரசி எத்தனை விதமாகத்தான் சமைப்பாள்?

தயிரை மெல்லிய துணியில் முடிந்து, குளிர்ச்சியான இடத்தில் சில மணி நேரம் தொங்கவிடுக. நீர் வடிந்து எஞ்சும் கெட்டித் தயிரை மகாராஷ்டிரர் 'சக்கா' என்பர். சர்க்கரை சேர்த்து ஸ்ரீகண்டம் செய்வர். 100 கிராம் தயிரில் சுமார் 3 முதல் 4 கிராம் புரதம் உண்டு. நன்கு வடித்ததிலோ 8 முதல் 10 கிராம்.

பாட்டியாருக்கு இது மெல்ல வேண்டாத புஷ்டியான ஆகாரம். தகப்பனார் சர்க்கரையின்றி, வெள்ளரிக்காய் கூட்டி உண்ணலாம். பாலிலுள்ள சர்க்கரை உறையும்போது குறைந்து, வடிநீரோடும் ஒரு பகுதி போய்விடுவதால், பிள்ளைக்கும் பெரும்பாலும் ஜீரணமாகும். சிறுநீரகம் பழுதுற்றோர் மட்டும் வைத்தியரைக் கேளாமல் உண்ணலாகாது. மிகுந்த புரதம் அவர்களுக்குப் பாரம்.

வடிந்த நீரைக் கொட்டிவிட வேண்டாம். அதிலும் சத்து உண்டு. சப்பாத்தி மாவு பிசைய உதவும்.